உம்மா இன்னோர் இடம் கேட்ட நாள்

பலா மரத்துக்குப் பின்னாலிருந்து துணி கிழியும் சத்தம் கேட்டது.

கடலாதெனிய விகாரையின் பாறைமேல் நான் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன். ஆங்கில வருடம் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பனி இன்னும் கலையவில்லை. பாறையின் குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்கால்வரை வந்துவிட்டது. நான்கு வயதுத் தம்பி ஹனீபா, பாறைப் பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலை விட்டு, "சுடுது" என்று கையை உதறினான். அவ்வளவு குளிர் அவனுக்குச் சூடாகப் பட்டிருக்க வேண்டும்.

வாப்பா கொஞ்சம் தள்ளி, கல்லில் செதுக்கிய தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. திரும்பினார்.

மரத்தின் மறைவிலிருந்து முதலில் உம்மா வந்தார். புடவைக்கு மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டி ஒரு பக்கம் குட்டையாகத் தொங்கியது. பின்னால் என் ராத்தா, மூத்த சகோதரி நபீஸா. அவளுக்குப் பன்னிரண்டு வயது. முகம் வெளுத்திருந்தது.

"என்ன நடந்த?" என்றார் வாப்பா.

"புள்ளட கால்ல கல்லு குத்திட்டு. துணியக் கிழிச்சுக் கட்டின" என்றார் உம்மா.

உம்மா வாப்பாவிடம் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அது பொய் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்கு எட்டு வயது.

திரை கட்டிய கார்

இந்தப் பயணம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அக்குறணையில் மாத்தளை வீதியோரம் எங்கள் கடை இருந்தது. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிற கடை. அந்த வாசம் பற்றிச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் வாப்பா உங்களை எங்குமே கூட்டிப் போகவில்லையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். ஒரே ஒரு தடவை கூட்டிப் போனார். அதைத்தான் எழுதுகிறேன்.

வாப்பா கண்டிக்குச் சரக்குக் கொண்டுபோக அப்புஹாமியின் வாடகைக் காரைத்தான் பிடிப்பார். அப்புஹாமி தவுலகலப் பக்கத்தில் பிறந்த சிங்களவர். நரைத்த கொண்டை, அதில் ஒரு சீப்பு. எங்களோடு பழகிப் பழகி, 'இருக்கு' என்பதை எங்களைப்போலவே 'ஈக்கி' என்று சொல்லித் தமிழ் பேசுவார். "முதலாளி, எங்கட பக்கம் பழைய ராஜாமார் கட்டினது நிறைய ஈக்கி. புள்ளைகளுக்குக் காட்ட வேணும்" என்று வருடக்கணக்காய் நச்சரித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய வருடமே போயிருப்போம். மலேரியாக் காய்ச்சல் ஊரூராய்ப் பரவியதால் அது நின்றுபோனது. அந்த வருடம் நோன்புப் பெருநாள் குளிர்காலத்தில் வந்தது. பெருநாள் முடிந்த மறுவாரம், பள்ளிக்கூட விடுமுறை தீருமுன், வாப்பா சரி என்றார்.

கன்வஸ் கூரை போட்ட கார் அது. உம்மா ஏறுவதற்காகப் பின் ஆசனத்தின் இரு பக்கமும் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் அப்படித்தான் பயணம் போவார்கள். ஆனால் ராத்தா சின்னப் பிள்ளைக் கணக்கில்தான் இருந்தாள். அதனால் அவள் திரையைத் தூக்கித் தலையை வெளியே நீட்டலாம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் அவள் நீட்டினாள். ஈரக்காற்று அடித்து அவள் பின்னல் அவிழ்ந்து என் முகத்தில் விழுந்தது.

வாப்பாவின் திட்டம் சிறியது. கடலாதெனியவைப் பார்ப்பது, திரும்பும் வழியில் பேராதனைத் தோட்டத்தில் சாப்பிடுவது, மாலை அசர் தொழுகைக்கு முன் வீடு சேர்வது.

முதல் இடத்திலேயே அது குலைந்தது.

எந்தக் கால்?

"கால்ல காயமெண்டா வீட்ட போவம். தோட்டத்த இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் வாப்பா.

உம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. துப்பட்டியின் குட்டைப் பக்கத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டோம். அப்புஹாமி செல்ற மத்த இடம் எது?"

அப்புஹாமி உற்சாகமாகிவிட்டார். "லங்காதிலக, நோனா! கிட்டத்தான். பாறைக்கு மேல. படி ஏற வேணும், அவ்வளவுதான்."

"கால் நொந்த புள்ளக்குப் படியா?" வாப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மெல்ல மெல்ல ஏறுவா" என்றார் உம்மா.

வாப்பா உம்மாவை ஒரு விதமாகப் பார்த்தார். கோபமில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளாய் உம்மா அவரிடம் எதையும் கேட்டதில்லை. பெருநாள் புடவைகூட அவர் கொண்டுவந்து கொடுப்பதுதான். அப்படிப்பட்டவர் ஒரு மலையைக் கேட்கிறார். வாப்பா காரில் ஏறி முன்னால் உட்கார்ந்தார். "போ" என்றார் அப்புஹாமியிடம்.

கார் ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை. மீதிப் பாதையை வயல் வரப்பிலே நடந்தோம். புல்லின் பனியில் பாவாடை நனைந்து காலில் ஒட்டியது. ராத்தா உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். பாறையில் வெட்டிய படிகளில் நீர் கசிந்து வழுக்கிற்று. வாப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

பாதிப் படியில் தம்பி தோளிலிருந்தபடி திரும்பிப் பார்த்துச் சத்தமாய்க் கேட்டான்.

"ராத்தா, அந்தக் கால்தானே நொந்த? இப்ப மத்தக் கால் நொண்டுது!"

ராத்தா சட்டென்று காலை மாற்றினாள். நான் சிரித்தேன். உம்மா என் தோளைக் கிள்ளினார். வலித்தது. வாப்பா திரும்பவில்லை. அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

பாறையில் எழுத்து

மேலே ஏறியதும் காற்று ஓவென்று வந்தது. வெள்ளை பூசிய உயரமான கட்டடம் வானத்தில் முட்டிக்கொண்டு நின்றது. கீழே மஞ்சளும் பச்சையுமாய் வயல், அதற்கப்பால் பனிக்குள் பாதி அமிழ்ந்த மலைகள். ராத்தா நொண்டுவதை மறந்துவிட்டுப் பாறை விளிம்புவரை ஓடினாள். உம்மா அவளைக் கூப்பிடவில்லை.

அப்புஹாமி உள்ளே வரச் சொன்னார். வாப்பாவும் தம்பியும் வாசல்வரை போனார்கள். "நாங்க வெளியே ஈக்கிறோம்" என்றார் உம்மா. எனக்கு உள்ளே போக ஆசை. ஏன் போகக் கூடாது என்று கேட்டேன்.

"அது அவங்கட இடம். அவங்களுக்கு ஒரு சுத்தம், முறை ஈக்கி. இண்டைக்கு நாங்க வெளியே நிண்டு பார்க்கிறதுதான் மரியாத" என்றார்.

'இண்டைக்கு' என்று ஏன் சொன்னார் என்பது எனக்கு விளங்க மூன்று வருடம் ஆனது.

கட்டடத்தின் ஒரு பக்கம் பாறையிலே எழுத்து வெட்டியிருந்தது. வரி வரியாய், முழுப் பாறைக்கும். ஒரு பகுதி சிங்களம். அதற்குப் பக்கத்தில் ராத்தா குந்தி உட்கார்ந்தாள். ஈரப் பாசியைக் கையால் துடைத்தாள். பிறகு விரலை எழுத்தின் பள்ளத்தில் வைத்து மெல்ல நகர்த்தினாள்.

"உம்மா!" என்று கத்தினாள். "இது தமிழ்!"

அப்புஹாமி ஓடி வந்தார். "ஓ, ஓ! தமிழும் ஈக்கி எண்டு எங்கட ஹாமுதுருவோ சொல்றவர்." ஹாமுதுருவோ என்றால் விகாரையின் பிக்கு.

ராத்தா ஐந்தாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளைப்போல் வாசிக்க எவருமில்லை. கடைக்குச் சரக்குச் சுற்றி வரும் பழைய பத்திரிகைத் தாள்களைக்கூட விரித்து வைத்து வாசிப்பாள். உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அந்தக் காலத்து எங்கள் பெண்களைப்போல் அவருக்கு அரபுத் தமிழ்தான் தெரியும். அரபு எழுத்தில் தமிழை எழுதி வாசிப்பது. ஆகவே உம்மா மகளுக்குப் பக்கத்தில் ஈரப் பாறையிலேயே உட்கார்ந்தார்.

"என்ன எழுதியீக்கி?"

"முழுக்க வெளங்குதில்ல உம்மா. பழைய எழுத்து. நடுவுல வேற எழுத்தும் கலந்தீக்கி. இது 'க'. இது 'ட' போல. இங்க பாருங்க, இது எங்கட 'ப'தான், கொஞ்சம் அகலம்." உம்மாவின் விரலைப் பிடித்து அந்தப் 'ப'வின் பள்ளத்தில் வைத்தாள். உம்மா அதை ஒரு தடவை எழுதிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று தெரியாது. எனக்குப் பசித்தது. தம்பி இரண்டு துண்டு தொதல் இனிப்பைத் தின்று முடித்திருந்தான்.

வாப்பா வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார். வாப்பா அதிகம் பேசாதவர், மகளை முகத்துக்கு நேரே புகழாதவர். அன்று அவர் குரலில் பெருமை இருந்தது.

"வெளங்காததத் தாளில எழுதி வெய்யி. பள்ளிக்கூடம் தொறந்த ஒடன மாஸ்டர்ட கேளு" என்றார்.

ராத்தா நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். உம்மா அவளைப் பார்த்தார்.

"ம்" என்றாள் ராத்தா கடைசியில்.

பாலத்துக்கு இக்கரையில்

இனி விளங்கச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை, கடலாதெனியவில், என் ராத்தா பெரிய பிள்ளை ஆகிவிட்டாள்.

எங்கள் ஊரில் அதன் பொருள் இது. அன்றிலிருந்து அவள் குமர். வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. ஆண்கள் கண்ணில் படக் கூடாது. பள்ளிக்கூடம் அத்துடன் சரி. கல்யாணத்துக்குத்தான் அடுத்து வாசல் தாண்டுவாள். வாப்பாவுக்குத் தெரிந்திருந்தால் அந்த நிமிடமே காரைத் திருப்பியிருப்பார். அவர் கல்நெஞ்சர் இல்லை. எல்லோரும் செய்வதைச் செய்வார், அவ்வளவுதான்.

உம்மா ஏன் அப்படிச் செய்தார் என்பதை ராத்தாவின் கல்யாணத்துக்கு மருதோண்டி வைக்கும்போதுதான் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

உம்மாவுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, கண்டிப் பெரஹரா யானை ஊர்வலம் பார்க்க அவருடைய வாப்பா மாட்டு வண்டியில் கூட்டிப்போனாராம். கட்டுகஸ்தோட்டை வரும்போது உம்மாவுக்கு அது வந்துவிட்டது. உம்மா பயந்து அழ, விஷயம் தெரிந்துவிட்டது. பாலத்துக்கு இக்கரையிலேயே வண்டியைத் திருப்பினார்கள். "யானை எல்லாம் பார்க்கலாம் எண்டு ரெண்டு மாசமா எண்ணிக்கிட்டு ஈந்த. பாலத்தக்கூடத் தாண்டல்ல" என்றார் உம்மா. மருதோண்டி பூசுகிற கையை நிறுத்தாமல்தான் சொன்னார்.

நான் பல வருடங்கள் உம்மாமேல் கோபமாக இருந்தேன். எனக்கு முறை வந்தது ஒரு மழை நாளில், வீட்டிலேயே. எனக்கு மலையும் இல்லை, பாறையும் இல்லை. அது மட்டுமல்ல. அவ்வளவு புரிந்தவர் பள்ளிக்கூடத்துக்காக ஏன் வாய் திறக்கவில்லை? ஒரு நாளைத் திருடிக் கொடுத்துவிட்டு மற்ற எல்லா நாட்களையும் ஏன் விட்டுவிட்டார்?

இரண்டு பேருக்கும் தலை நரைத்த பிறகு ஒரு தடவை இதை ராத்தாவிடம் கேட்டேன். அவள் மாத்தளையில் வாழ்க்கைப்பட்டு ஆறு பிள்ளைகள் பெற்றவள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ ஒரு நாள் எண்டு செல்றா," என்றாள். "அவக்கு அது எவ்வளவு பயம் தெரியுமா? படி ஏறக்குள்ள நான்தான் அவவப் பிடிச்சுக்கொண்டு போன. எல்லாரும் நெனச்ச அவதான் என்னப் பிடிச்சீக்கி எண்டு."

கீரையை எடுத்து நானும் ஆய ஆரம்பித்தேன்.

அடைபட்ட அந்த மூன்று வருடத்தில் தன் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களை வைத்து எனக்குத் தமிழ் சொல்லித் தந்தவள் அவள். நான் எழுதுகிற தமிழ் அந்த அறையில் கற்றது.

எம்பக்கேயும் குளமும்

லங்காதிலகவிலிருந்து இறங்கி, ஒரு மரத்தடியில் பாய் விரித்து வாப்பா லுஹர் தொழுதார். இலையில் கட்டிய சோறு சாப்பிட்டோம். போத்தலில் கொண்டுவந்த பிளேன்டீ ஆறிப் போயிருந்தது.

"சரி, போவம்" என்றார் வாப்பா.

"அப்புஹாமி செல்ற மரத்தூண் கோயில்?" என்றார் உம்மா.

எம்பக்கே என்ற அந்தக் கோயிலிலும் உம்மாவும் ராத்தாவும் நானும் வேலிக்கு வெளியேதான் நின்றோம். தூரத்தில் தூண்கள் தெரிந்தன, செதுக்கியிருப்பது தெரியவில்லை. வாப்பாவும் தம்பியும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். தம்பி வந்ததும் வராததுமாய்க் கையையும் காலையும் முறுக்கி, "இப்பிடி ரெண்டு பேர் சண்டை பிடிக்கிற!" என்று மல்யுத்தக்காரர்களைக் காட்டினான். அன்னங்களைக் காட்டக் கழுத்தைப் பின்னிக்கொள்ள முயன்று புல்லில் விழுந்தான். ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திறந்த வெளியில் அவள் அப்படிச் சிரித்து நான் பிறகு கேட்கவில்லை.

கார் கண்டிக்குள் வரும்போது அசர் ஆகிவிட்டது. மலைகளிலிருந்து குளிர் இறங்கத் தொடங்கியது. தலதா மாளிகையைத் தாண்டியதும் உம்மா பின்னாலிருந்து சொன்னார்.

"கொளத்துக்கிட்டக் கொஞ்சம் நிப்பாட்டச் செல்லுங்க."

"இன்னுமா?" வாப்பாவின் குரல் உயர்ந்தது. "நபீஸாட உம்மா, ஒனக்கு இண்டைக்கு என்னதான் நடந்தீக்கி?"

அப்புஹாமி காரை மெதுவாக்கி, பிறகு ஓரமாய் நிறுத்திவிட்டார்.

ராத்தா இறங்கி, அலைபோல் வளைந்த வெள்ளை மதிலருகே ஓடினாள். தண்ணீரில் ஆமை ஒன்று தலையை நீட்டிற்று. அவள் மதிலின் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தாள், அடுத்த இடுக்குக்கு ஓடினாள், அதற்கு அடுத்ததற்கு. இரண்டு காலாலும் ஓடினாள்.

வாப்பா காரில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கண் ராத்தாவின் கால்களுக்குப் போனது. எந்தக் காலிலும் கட்டு இல்லை. பிறகு திரைக்குள் இருந்த உம்மாவிடம் திரும்பினார். காற்றில் திரை ஒதுங்கியிருந்தது. உம்மா துப்பட்டியின் கிழிந்த பக்கத்தை மடியில் மறைக்கப் பார்த்தார். மறைக்க முடியவில்லை.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்கள் நடுவில் நின்றேன். வாப்பா திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

வாப்பா தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவிக்கொண்டு மீண்டும் போட்டார்.

"அப்புஹாமி," என்றார். "கொளத்தச் சுத்தி ஒருக்காப் போ. மெதுவா."

ராத்தா வந்து ஏறினாள். ஒரு சுற்றுப் போனோம். அது முடிந்ததும் வாப்பா, "இன்னொருக்கா" என்றார். அதுவும் முடிந்து, ஊர்ப்பக்கம் திரும்பும் முனை வந்ததும் அப்புஹாமி அவர் முகத்தைப் பார்த்தார். வாப்பா குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புஹாமி மூன்றாவது சுற்றுக்குக் காரை விட்டார்.

மாமியின் கேள்வி

மறுநாள் காலை உம்மா எங்கள் மாமிக்கு ஆள் அனுப்பினார். மாமி வாப்பாவின் மூத்த சகோதரி. குடும்பத்தில் நல்லது கெட்டதெல்லாம் அவர் சொல்படிதான். வந்ததும் வராததுமாய் ராத்தாவை உள்ளறையில் இருத்தி, யன்னலை மூடி, வாசலில் புடவைத் திரை தொங்கவிட்டார். தண்ணீர் வார்க்கும் நாளைக் கணக்கிட வேண்டும். உம்மாவைக் கூப்பிட்டார்.

"எப்ப வந்த? சரியாச் செல்லு."

"இண்டைக்குக் காலையில" என்றார் உம்மா. குரல் சின்னதாகிவிட்டது.

மாமியின் பார்வை கூர்மையானது. "நேத்து முழுக்க ஊர் சுத்திட்டு வந்தீக்கி. புள்ளட மொகம் நேத்தே வாடினதெண்டு அடுத்த ஊட்டுல செல்றாங்க. உண்மையச் செல்லு. ஒரு குமரத் தெருத்தெருவா, காபிர் கோயில் எல்லாம் கொண்டு திரிஞ்சா நம்ம மானம் என்னாகும்?"

உம்மா தலையைக் குனிந்தார்.

வாப்பா விறாந்தையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். கடைக்குக் கிளம்பும் நேரம். பெண்கள் பேசும் இந்த விஷயத்தில் ஆண்கள் வாய் வைப்பதில்லை. காதில் விழுந்தாலும் விழாததுபோல் போய்விடுவார்கள்.

அவர் போகவில்லை. திரும்பி வந்து வாசலுக்கு வெளியே நின்றார்.

"சுபஹு தொழுது வந்த பொறகுதான், ராத்தா," என்றார் தன் சகோதரியிடம். "நான் வீட்டுலதான் ஈந்த. எனக்குத் தெரியும்."

ஓர் ஆண், அதுவும் வாப்பா, இதைப் பற்றிப் பேசியதே மாமிக்கு அதிர்ச்சி. வெட்கத்தில் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வாப்பா படியிறங்கி வீதிக்குப் போனார். உம்மா யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் கடை முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.